எட்டு மகள்கள், ஒரு இளைய தாரம், ஒரு உயில்: ராபர்ட் ஆர்டன் பாகம் பிரித்தது நியாயமா?

வயல்வரப்பு:

எல்லோருக்கும் வணக்கம். பழைய உயில்களைப் படிப்பது எனக்கு ஒரு பித்து. இப்போது மனதை விட்டுப் போகாமல் நிற்கும் ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

இங்கிலாந்தில் வார்விக்‌ஷயர், அதில் வில்ம்கோட் என்ற சிற்றூர். அங்கே ராபர்ட் ஆர்டன் என்ற விவசாயி 1556 நவம்பர் 24ஆம் தேதி உயில் எழுதினார். டிசம்பர் 9ஆம் தேதி அவர் வீட்டுப் பொருள்களைக் கணக்கெடுக்கும்போது அவர் உயிரோடு இல்லை. ஆண் வாரிசு கிடையாது, எட்டும் பெண்கள். முதல் மனைவி இறந்தபின் ஆக்னஸ் என்ற விதவையை மணந்திருந்தார். ஆக்னஸுக்கும் முதல் கணவர் வழியில் பிள்ளைகள் உண்டு.

உயிலில் உள்ளதைச் சுருக்கித் தருகிறேன்.

கடைசி மகள் மேரிக்கு, வில்ம்கோட்டில் ‘ஆஸ்பீஸ்’ என்று பேர்கொண்ட நிலம் முழுதும், உழுது விதைத்துக் கிடக்கும் பயிரோடு. கூடவே 6 பவுண்ட் 13 ஷில்லிங் 4 பென்ஸ் ரொக்கம் (1 பவுண்ட் 20 ஷில்லிங், 1 ஷில்லிங் 12 பென்ஸ்), மற்றவர்களுக்குப் பொருள் பிரிப்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். இன்னொரு மகள் ஆலிஸுக்கு, கடன் அடைத்து மிஞ்சும் பொருள்களில் மூன்றில் ஒரு பங்கு. மீதியை மற்றப் பிள்ளைகள் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

மனைவிக்கு? அவருக்கும் 6 பவுண்ட் 13 ஷில்லிங் 4 பென்ஸ்தான், ஆனால் நிபந்தனையோடு. வில்ம்கோட் பண்ணையில் பாதியை ஆலிஸ் ‘அமைதியாக’ அனுபவிக்க விட வேண்டும். விடாவிட்டால் 3 பவுண்ட் 6 ஷில்லிங் 8 பென்ஸ்தான், அதாவது சரிபாதி. அத்தோடு அடுத்த ஊரான ஸ்னிட்டர்ஃபீல்டில் அவருக்கென்று ஏற்கெனவே எழுதிவைத்த சொத்து.

இது அந்த அம்மாளுக்குச் செய்த அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. உங்களுக்கு?

(இந்த மேரிதான் பின்னாளில் ஜான் ஷேக்ஸ்பியரை மணந்தவர். 1564இல் பிறந்த வில்லியம் அவர் மகன். ஆனால் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோய்விடாதீர்கள். எனக்கு வேண்டியது தாத்தாவின் கதை.)

மருதம்:

அநியாயம்தான், இதில் என்ன சந்தேகம்? கட்டிய மனைவியிடம் “என் மகளைச் சும்மா விடு, இல்லையென்றால் பாதிப் பணம்தான்” என்று சாகும் நேரத்தில் நாலு சாட்சிகள் முன்னால் எழுதிவைப்பதா? அந்தப் பெண்ணுக்கு ஊரில் தலைகாட்ட முடிந்திருக்குமா? உயில் எழுதும்போது பாதிரியார் உட்பட அக்கம்பக்கத்தார் எல்லாம் சாட்சியாக நின்றிருப்பார்கள். சண்டைக்காரி என்று முத்திரை குத்திவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன்.

கணக்குப்பிள்ளை:

தொகையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 6 பவுண்ட் 13 ஷில்லிங் 4 பென்ஸ் ஏதோ உதிரித் தொகையாகத் தெரியும். அப்படி இல்லை. அந்தக் காலத்தில் ‘மார்க்’ என்று ஒரு கணக்கு உண்டு, 1 மார்க் 13 ஷில்லிங் 4 பென்ஸ். நாணயமாக அடிக்கவில்லை, கணக்கில் மட்டும் புழங்கியது. ஆக மேரிக்கும் ஆக்னஸுக்கும் பத்து பத்து மார்க். முரண்டு பிடித்தால் ஆக்னஸுக்கு ஐந்து மார்க்.

அடுத்து, மொத்தச் சொத்து எவ்வளவு என்று பார்க்காமல் பங்கைப் பற்றிப் பேச முடியாது. அசையும் பொருள்களின் மதிப்பு மொத்தம் 77 பவுண்ட் 11 ஷில்லிங் 10 பென்ஸ். நிலம் இதில் சேராது. 1529இல் வந்த சட்டப்படி உயிலை நிறைவேற்றுகிறவர்கள் பொருள் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும், அதனால்தான் இந்தக் காகிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது.

பட்டியலைப் படிக்கும்போது அந்த வீட்டுக்குள் நடப்பது போலவே இருக்கும். கூடத்தில் இரண்டு மேசை, மூன்று நாற்காலி, நீள விசுப்பலகைகள், ஒரு அலமாரி. எல்லாம் சேர்த்து 8 ஷில்லிங். சுவரில் தொங்கவிடும் சித்திரத் துணிகள் கூடத்தில் இரண்டு, அறையில் ஐந்து, இன்னும் நாலு, ஆகப் பதினொன்று. இறகு மெத்தை ஒன்று, தலையணை ஒன்று. அடுக்களையில் நாலு சட்டி, நாலு பானை, மூன்று விளக்குத்தண்டு, ஒரு வாணலி, கொக்கியோடு பானை மாட்டும் சங்கிலி. மாவரைக்கும் திருகை, மாவு பிசையும் தொட்டி.

வெளியே வாருங்கள். எட்டு எருது, இரண்டு காளைக்கன்று, ஏழு பசு, பால் மறக்கடித்த கன்று நாலு: 24 பவுண்ட். நாலு குதிரை, மூன்று குட்டி: 8 பவுண்ட். ஐம்பதுக்கும் மேல் ஆடு: 7 பவுண்ட். களஞ்சியத்தில் கோதுமையும் பார்லியும் 18 பவுண்ட். தேனடைகளும் கோழிகளும் சேர்த்து 5 ஷில்லிங்.

வீட்டுக்குள் இருந்தவை ஏழு பவுண்ட் தேறுவதே கடினம். சொத்தெல்லாம் தொழுவத்திலும் களத்திலும்தான் இருந்தது. வருஷத்தையும் கவனியுங்கள்: 1555, 1556 இரண்டுமே இங்கிலாந்தில் விளைச்சல் பொய்த்த வருஷங்கள். தானியம் கையில் வைத்திருந்தவருக்கு நல்ல விலை.

வயல்வரப்பு:

கணக்குப்பிள்ளை ஐயா, நன்றி. அந்த ஒற்றைத் தலையணையிலேயே என் கண் நிற்கிறது.

உங்கள் கணக்குப்படி பார்த்தால் ஆலிஸுக்குக் கிடைத்த மூன்றில் ஒரு பங்கு, கடனெல்லாம் போக, சின்னம்மாவின் பத்து மார்க்கை விடக் கணிசமாகக் கூடுதல். என் வாதம் இன்னும் பலமாகிறது.

மிட்லண்ட்ஸ்வாசி:

நான் இருப்பது ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ரொம்பத் தூரமில்லை. வில்ம்கோட்டுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். மரச்சட்டமும் சுண்ணாம்புப் பூச்சுமாக அருகருகே இரண்டு பழைய பண்ணை வீடுகள். வெகு காலம் அதில் பெரிய வீட்டைத்தான் மேரி ஆர்டன் வீடு என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு ஆவணங்களைப் பிரித்துப் பார்த்ததில் அது பக்கத்து வீட்டுக்காரர் ஆடம் பாமருடையது என்று தெரிந்தது. உண்மையான ஆர்டன் வீடு க்ளீப் பண்ணை என்று அழைக்கப்பட்ட சின்ன வீடு. அதன் மரத்தை வளையம் எண்ணிப் பார்த்ததில் 1514இல் வெட்டிய மரம் என்று வந்தது.

நான் நின்று பார்த்தது அந்தச் சின்ன வீட்டைத்தான். உள்ளே நாலடி எடுத்துவைத்தால் எதிர்ச்சுவர். ஆக்னஸ், அவர் கூட்டிவந்த பிள்ளைகள், கல்யாணமாகாத ஆர்டன் மகள்கள் எல்லோரும் அந்தக் கூரைக்குக் கீழே. ‘அமைதியாக’ என்ற சொல் ஏன் உயிலில் வந்தது என்று அங்கே நிற்கும்போது புரிகிற மாதிரி இருந்தது.

இன்னொன்று. அந்த ஆடம் பாமர் வெறும் பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. உயிலுக்குச் சாட்சி, மேற்பார்வையாளர்கள் மூவரில் ஒருவர். அந்த வேலைக்கு ஆளுக்கு 20 ஷில்லிங் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் ராபர்ட்.

பத்திரக்காரர்:

முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உயிலை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள். ஒருவர் உயிலில் எழுதாமல் விட்டது பெரும்பாலும் வேறொரு பத்திரத்தில் இருக்கும்.

இங்கேயும் இருக்கிறது. 1550 ஜூலை 17ஆம் தேதி, உயிலுக்கு ஆறு வருஷம் முன்பே, ராபர்ட் இரண்டு பத்திரம் போட்டார். ஸ்னிட்டர்ஃபீல்ட் சொத்தை ஆடம் பாமர், ஹ்யூ போர்ட்டர் இருவர் பொறுப்பில் வைத்தார். தன் காலம் வரை தனக்கு, தனக்குப் பின் ஆக்னஸின் ஆயுள் வரை ஆக்னஸுக்கு, அதன் பின் மகள்களுக்கு. ஒரு பத்திரத்தில் மூன்று மகள்கள், இன்னொன்றில் மூன்று மகள்கள்.

ஆறு பேர்தான். மேரி பெயர் அதில் இல்லை!

இப்போது உயிலைத் திரும்பப் படியுங்கள். கடைசிப் பெண்ணுக்கு ஆஸ்பீஸ் போனது செல்லத்தால் மட்டும் அல்ல. ஆறு பேருக்கு ஏற்கெனவே ஏற்பாடு முடிந்துவிட்டது, விடுபட்ட இருவரில் இவள் ஒருத்தி. விட்டதை உயிலில் சரிசெய்தார்.

அதே மாதிரி ஆக்னஸுக்குப் பத்து மார்க் மட்டும்தான் என்பதும் சரியில்லை. ஸ்னிட்டர்ஃபீல்ட் வருமானம் சாகும்வரை அவருக்கு. அதைத்தான் உயிலில் ‘அவருடைய ஜாயிண்ச்சர்’ என்கிறார்கள். கணவன் உயிரோடு இருக்கும்போதே மனைவியின் விதவைக் காலத்துக்கென்று ஒதுக்கிவைக்கும் சொத்து அது.

மருதம்:

சரி, ஸ்னிட்டர்ஃபீல்ட் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த நிபந்தனை உறுத்துகிறது. சொந்தப் பண்ணையில் பாதியை மகளுக்கு என்று நேராக எழுதிவிட்டால் முடிந்ததே? மனைவியின் பணத்தோடு ஏன் முடிச்சுப் போட வேண்டும்?

பத்திரக்காரர்:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் அம்மா. அவரால் அப்படி எழுத முடிந்திருக்காது என்பதுதான் என் எண்ணம்.

வில்ம்கோட்டில் அவருக்கு இரண்டு வகை நிலம். ஆஸ்பீஸ் அவர் இஷ்டப்படி எழுதக்கூடியது. அவர் குடியிருந்து உழுத பண்ணை ‘காப்பிஹோல்ட்’. ஊர்ப் பிரபுவின் பண்ணை மன்றத்துப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கும், அந்தப் பதிவின் நகல்தான் குடியானவர் கையில் இருக்கும் பத்திரம். பேரும் அதனால்தான். அந்த நிலம் யாருக்குப் போகும் என்பதை உயில் தீர்மானிக்காது, அந்தந்த ஊர் மன்றத்தின் வழக்கம்தான் தீர்மானிக்கும். பல ஊர்களில் கணவன் இறந்தால் மறுமணம் செய்யாத வரை மனைவி அதில் இருக்கலாம் என்பது வழக்கம். உயிலிலும் ‘அவர் விதவையாக இருக்கும் காலம் வரை’ என்ற சொற்கள் இருக்கின்றன, கவனித்தீர்களா?

ஆக, பண்ணையில் ஆக்னஸின் உரிமையை ராபர்ட்டால் தொட முடியாது. ஆலிஸை அந்த வீட்டிலிருந்து வெளியேற்ற ஆக்னஸால் முடியும். தகப்பன் கையில் இருந்த ஒரே பிடி ரொக்கம். அதைத்தான் பிடித்தார்: “மகளுக்குப் பாதி விட்டுக்கொடு, பத்து மார்க் வாங்கிக்கொள்.”

மிரட்டல் என்று நீங்கள் படிக்கிறீர்கள். நான் அதைப் பேரம் என்று படிக்கிறேன். பலம் இல்லாத இடத்தில் இருந்துகொண்டு பேசிய பேரம்.

நூலகவாசி:

பத்திரக்காரர் ஐயா சொன்னதோடு பொதுச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்து என்றாலே மூத்த மகனுக்கே எல்லாம் என்று நாம் நினைக்கிறோம். மகன் இருந்தால்தான் அது. மகன் இல்லாமல் மகள்கள் மட்டும் இருந்தால் முழு உரிமை நிலம் மகள்கள் எல்லோருக்கும் சமமாகப் போகும், மூத்தவள் இளையவள் கணக்கே கிடையாது. ராபர்ட் எதையும் எழுதாமல் போயிருந்தால் ஆஸ்பீஸ் எட்டுத் துண்டாகியிருக்கும். 1540இல் உயில் சட்டம் வந்து நிலத்தையும் உயிலில் எழுதலாம் என்று ஆன பிறகுதான் இப்படி ஒருத்திக்கே முழுதாகக் கொடுக்க முடிந்தது. பதினாறே வருஷப் பழக்கம்.

கென்ட் பகுதியில் வேறு முறை. ‘கேவல்கைண்ட்’ என்று, மகன்கள் எல்லோருக்கும் சம பாகம். 1925 சட்டம் வரும்வரை அது இருந்தது. கடைசி மகனுக்கே நிலம் என்ற வழக்கமும் சில ஊர்களில் உண்டு. ஒரே நாட்டுக்குள் எத்தனை வழக்கம் பாருங்கள்.

மிட்லண்ட்ஸ்வாசி:

ஒரு சந்தேகம். ராபர்ட்டை ‘யோமன்’ என்று சொல்லலாமா? 1550 பத்திரத்தில் ‘ஹஸ்பண்ட்மேன்’ என்றுதானே இருக்கிறது?

நூலகவாசி:

ஆமாம், அப்படித்தான் இருக்கிறது. ஏட்டு இலக்கணப்படி ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் முழு உரிமை நிலம் இருந்தால் யோமன். அதே 40 ஷில்லிங்தான் 1430 முதல் மாவட்டத் தேர்தலில் வாக்குரிமைக்கும் அளவுகோல். ஹஸ்பண்ட்மேன் என்றால் அதற்கு ஒரு படி கீழே, பெரும்பாலும் குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர். ஆனால் நடைமுறையில் ஊர் என்ன சொல்லி அழைக்கிறதோ அதுதான் பத்திரத்தில் ஏறும். அடுத்த ஊரில் குடியானவர் வைத்து வாரம் வாங்கியவரை, எட்டு எருது கட்டிய ராபர்ட்டை, நான் தயங்காமல் யோமன் என்பேன். ஸ்னிட்டர்ஃபீல்டில் அவர் நிலத்தை உழுத குடியானவர் யார் தெரியுமா? ரிச்சர்ட் ஷேக்ஸ்பியர். நிலக்காரர் மகளைக் குடியானவர் மகன் மணந்தார்.

வயல்வரப்பு:

ரிச்சர்டா! இது எனக்குப் புதுச் செய்தி. நான்தான் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்றேன், போக வேண்டியிருக்கிறது.

சரி, ஆக்னஸ் நிபந்தனையை ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்பதை விடுங்கள். சொத்துக்கு அப்புறம் என்ன ஆனது?

கணக்குப்பிள்ளை:

ஸ்னிட்டர்ஃபீல்டை முதலில் சொல்கிறேன். ராபர்ட் இறந்தபின் ஆக்னஸ் 24 வருஷம் இருந்தார், 1580 டிசம்பர் கடைசியில்தான் அடக்கம். அதுவரை மகள்களுக்கு அந்தச் சொத்தில் கைவைக்க வழியில்லை, காத்திருக்க வேண்டியதுதான். 1560இல் அதைத் தன் சகோதரர் அலெக்சாண்டர் வெப்புக்கு 40 வருஷக் குத்தகைக்கு விட்டார் ஆக்னஸ், ஆண்டுக்கு 40 ஷில்லிங். இதில் ஒரு பின்னல். அந்த வெப் கட்டியிருந்தது ராபர்ட்டின் மகள் மார்கரெட்டை! சிற்றன்னையின் சகோதரரை மூத்தாள் மகள் மணந்திருக்கிறார். ஆகவே இரண்டு குடும்பமும் முகம் பார்க்காமல் இருந்தது என்று கற்பனை செய்ய இடமில்லை.

பத்திரக்காரர்:

ஆஸ்பீஸ் கதையை நான் சொல்கிறேன், அது என் தொழிலோடு ஒட்டியது.

1578 நவம்பரில் மேரியும் கணவர் ஜானும் ஆஸ்பீஸை 40 பவுண்டுக்கு அடமானம் வைத்தார்கள். வாங்கியவர் வேற்றாள் இல்லை, மேரியின் அக்காள் ஜோனின் கணவர் எட்மண்ட் லாம்பர்ட். 1580 செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் நாளில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் திரும்ப வரும். கெடு தவறினால் போச்சு.

அந்த நாளில் லாம்பர்ட் இருந்த ஊருக்கே பணத்தோடு போனதாக ஜான் பின்னால் நீதிமன்றத்தில் சொன்னார். “பழைய பாக்கிகளையும் சேர்த்துத் தீர்த்தால்தான் வாங்குவேன்” என்று லாம்பர்ட் மறுத்துவிட்டாராம். 1587இல் லாம்பர்ட் இறந்தார். அவர் மகனோடு வழக்கு. இன்னும் 20 பவுண்ட் தந்தால் உரிமையை முழுதாக விட்டுவிடுகிறோம் என்று பேச்சு நடந்ததாக ஒரு வழக்கு, 1597இல் சான்சரி நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. நிலம் திரும்பவில்லை.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. என் ஆச்சிக்குச் சீராக வந்த இரண்டு ஏக்கர் நஞ்சையை, என் அத்தை கல்யாணத்துக்காக உறவுக்குள்ளேயே ஒத்திக்கு வைத்தார்கள். மீட்கப் போன நாளில், மடியில் கட்டிக் கொண்டுபோன பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, “கைமாத்து வாங்கினது எங்கே?” என்று கேட்டார்கள். கைமாத்துக்கு எழுத்து கிடையாது. ஒத்திப் பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. தாத்தா பணத்தைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டு வந்தார். அந்த நஞ்சை வழியாகத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், வரப்பில் நடந்தாலும் அது எங்களுடையது இல்லை. நான் பத்திரம் எழுதப் போனதற்கே அதுதான் காரணம்.

அதனால் சொல்கிறேன். உறவுக்குள் அடமானம் வைக்கிறவர்கள் மற்றக் கொடுக்கல் வாங்கலையும் தனித்தாளில் எழுதி, தீர்ந்ததா இல்லையா என்று கையெழுத்து வாங்குங்கள். ஜானிடம் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் வழக்கே வேறு மாதிரி போயிருக்கும்.

மருதம்:

ஐயா, உங்கள் தாத்தாவை நினைத்து மனசு கனத்துவிட்டது.

எனக்கு இப்போது ராபர்ட் மீது இருந்த கோபம் குறைந்திருக்கிறது, முழுதும் போகவில்லை. ஒன்று கவனித்தேன். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஆலிஸ், மேரி இரண்டு பெண்களிடமே கொடுத்திருக்கிறார், கல்யாணமாகாத பெண்களிடம். மூத்த மருமகன்கள் இருந்தும் அவர்களை நம்பவில்லை, அல்லது அவர்களை விட இந்தப் பெண்களை அதிகம் நம்பினார். அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மனைவியை அதில் சேர்க்கவில்லை பாருங்கள். அந்தக் காலத்தில் விதவையைப் பொறுப்பாக்குவது சாதாரண விஷயம். அந்த இடம் இன்னும் உறுத்துகிறது, பேரம் என்று சொன்னாலும் உறுத்துகிறது.

நூலகவாசி:

உங்கள் உறுத்தல் நியாயம்தான். இரண்டாம் கல்யாணத்தில் இரு பக்கமும் பிள்ளைகள் இருக்கும்போது, மனைவியைப் பொறுப்பாக்கினால் சொத்து அவர் முதல் கணவர் பிள்ளைகள் பக்கம் சாயும் என்ற பயம் அன்று பரவலாக இருந்தது. பயம் ஆக்னஸ் மீதா, ஊரில் பார்த்த மற்றக் குடும்பங்கள் மீதா என்பதை உயிலை வைத்துப் பிரிக்க முடியாது.

வயல்வரப்பு:

முதல் பதிவில் ‘அநியாயம்’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். 1550 பத்திரத்தைப் பார்க்காமல் எழுதினேன். பத்திரக்காரர் ஐயாவுக்கு நன்றி.

கடைசியாக ஒரு வரி புரியவில்லை. “ஆஸ்டன் பாரிஷில் டீம் இல்லாத ஒவ்வொரு வீட்டுக்கும் 4 பென்ஸ்” என்று உயிலில் வருகிறது. டீம் என்றால்?

கணக்குப்பிள்ளை:

ஏர் மாடு. கலப்பையில் பூட்டும் எருது ஜோடிகளுக்கு அங்கே அதுதான் பேர். ஏர் கட்ட மாடில்லாத வீடு என்றால் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிற வீடு. வில்ம்கோட் மட்டுமில்லை, ஆஸ்டன் கேன்ட்லோ பாரிஷ், அதாவது அந்தத் தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி முழுவதும் அப்படிப்பட்ட ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போய், ஆலிஸும் மேரியும் அந்தக் குளிர்காலத்தில் நாலு நாலு பென்ஸ் எண்ணிக் கொடுத்திருக்க வேண்டும்.